துவான்காரரும் ஊசுட்டேரி வாத்துகளும்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "எங்க கல்யாண கேக்கக் குத்திப் பாத்த மனுசன்தானே?" என்று இன்றைக்கும் யாராவது சண்டைக்குக் கிளம்பி வருவார்கள். ஊரில் அவருக்குத் துவான்காரர் என்றுதான் பெயர். சுங்கத்தை அப்போது புதுச்சேரியில் துவான் என்போம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோரிமேட்டு எல்லையில் காக்கிச் சட்டையும் கெப்பித் தொப்பியுமாக நின்று, போகிற வருகிற சனத்தின் பெட்டி படுக்கையெல்லாம் கிளறியவர். பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறினான். எல்லையில் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் போட்டார்கள். சோதிக்க ஆளில்லாமல் போயிற்று. ஆனால் அவர் சோதிப்பதை நிறுத்தவில்லை. எல்லைதான் போனதே தவிர, அவருடைய கண் எங்கே போகும்?

யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். பையைப் பார்ப்பார். பிறகு செருப்பைப் பார்ப்பார். "குடுங்க, குடுங்க, நான் வெக்கிறேன்" என்று வெகு மரியாதையாகப் பையை வாங்குவார். வாங்கியவர் உடனே கீழே வைக்கமாட்டார். இரண்டு முறை கையிலேயே தூக்கித் தூக்கிப் பார்ப்பார். "மூணு தேங்கா, ஒரு சீப்பு பழம். அடியில துணி. துணிக்குள்ள இன்னா?" என்பார். வந்தவர் வெலவெலத்துப் போய், வேறு வீட்டுக்கு வாங்கிய அரை டஜன் முட்டையைக் காட்டிக்கொடுப்பார்.

எல்லைச் சாவடியை மூடிய அன்று அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டே இரண்டு. ஒன்று, அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசி. இன்னொன்று, ஒரு பெட்டி சாக்பீஸ். சோதித்து முடித்த பெட்டிமேல் ஒரு வட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போடுவது துவான் வழக்கம். குறி விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. அவர் வீட்டில் அரிசிப் பானை, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் அந்தக் குறி இருக்கும். பால்காரர் செம்பில்கூட ஒரு நாள் போட்டார். பால்காரர் கோபித்துக்கொண்டு மறுநாள் முதல் அரைப்படி தண்ணீர் கூடுதலாக ஊற்றினார் என்பது அந்தத் தெருவில் பிரசித்தம்.

குறி போட்டதும் சத்தமாக ஒரு வார்த்தை சொல்வார். "பஸ்ஸே!" போகலாம் என்று அர்த்தம். பிரெஞ்சில் அவருக்கு அதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் தெரியும். ஆனால் ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடையாது என்பார்.

சாவுப் பெட்டியைச் சோதித்த கதையைச் சொல்லாமல் விட்டால் அவரை வரைந்ததாகவே ஆகாது. சைகோனுக்குப் போய்ப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு கிழவர், எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், செத்துப்போனார். ஆள் ஒல்லிக்குச்சி. கோயிலுக்குப் பெட்டியைத் தூக்கிப்போன நாலு பேரில் துவான்காரரும் ஒருவர். தெருமுனை தாண்டவில்லை, "நில்லுங்கடா" என்றார். "இவர உசுரோட இருக்கும்போது நான் ஒத்தக் கையால தூக்கியிருக்கேன். கனம் ஜாஸ்தியா இருக்குது."

பங்குச் சாமியார் திகைத்து நிற்க, பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்க, இவர் பெட்டியை இறக்கி மூடியை நெம்பி உள்ளே கையை விட்டார். செத்தவரோடு பட்டாளத்தில் இருந்த கிழவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கால்மாட்டில் இரண்டு கோஞாக் பிராந்தி பாட்டில்கள், சீல் உடைக்காதவை. கூட்டாளிகள் ஆசையாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். துவான்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "ரெண்டு பாட்டிலு. சொந்த உபயோகத்துக்கு" என்றார். மறுபடி உள்ளே வைத்து மூடி, பலகையில் ஒரு வட்டம், ஒரு பெருக்கல். "பஸ்ஸே!" செத்தவரின் தங்கச்சி அழுகையினூடே குபுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு இடம் இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்கு.

பறவை பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்ததும் இந்தச் சட்டத்தால்தான். ஊரைத் தாண்டி மேற்கே இருக்கிற ஊசுட்டேரி பாதி எங்கள் பக்கம், பாதி மதராஸ் ராஜ்ஜியத்துப் பக்கம். மழைக்காலத்தில் எங்கிருந்தோ வாத்துக் கூட்டம் வந்து இறங்கும். வெயில் ஏறும்போது கிளம்பி வடக்கே போய்விடும். இது தெரிந்த அன்று அவருக்குத் தூக்கமே வரவில்லையாம். "எத்தினி வருசமா எந்தக் கேள்வியும் இல்லாம வந்துட்டுப் போயிருக்குது பாரு. கோரிமேட்டுல நாங்க கிழவி மடியத் தடவிக்கிட்டு நின்னிருக்கோம்." மாசி, பங்குனியானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

பிடிபட்ட சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த இரட்டைக் குழல் தூரக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். நல்ல ஜெர்மன் சாமான். வாங்கி வந்த அன்றே அதற்குள் தங்கம் ஒளித்திருக்கும் என்று சந்தேகப்பட்டு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். தங்கம் இல்லை. திருப்பிப் பூட்டியதில் ஒரு குழலில் கண்ணாடி ஏதோ இடம் மாறிவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் வாத்து ஒழுங்காக நீந்தும். இடது கண்ணால் பார்த்தால் தலைகீழாக, வானத்தில் முதுகு உரச நீந்தும். அதனால் எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லமாட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருடைய ஒரே மகள்மேல்தான் நான் ஆசை வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

அவள் என் தங்கச்சியோடு தையல் பழக எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் ஒரு மில்லில் குமாஸ்தா. தாயில்லாத பெண், கெட்டிக்காரி, அப்பாவுடைய கண்ணுக்குக் கீழேயே வளர்ந்தவள், ஆகவே முகத்தில் எதையும் காட்டமாட்டாள். எங்கள் இருவருக்குள்ளும் பேச்சு முடிவாகி ஆறேழு மாதம் ஆகியும் துவான்காரருக்குத் தெரியாது. தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது தவக்காலம். ஈஸ்டர் முடிந்ததும் காரைக்காலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவள் வந்து சொன்னபோது எனக்குக் காலின் கீழே தரை நழுவிவிட்டது. மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான், கல்யாணம் ஆனால் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

"நேரா போய்க் கேளேன்" என்றாள் தங்கச்சி.

"அவரையா? பையத் தூக்கிப் பாத்துட்டே பதில் சொல்லுவாரு."

"அப்ப ஏரிக்குப் போறப்ப கூடப் போ. வாத்தப் பாத்தா மனுசனுக்கு மனசு குளுந்திருக்கும். அந்த நேரத்துல சொல்லிடு."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. கேட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். "எவனும் வரமாட்டான். நீ எதுக்கு வர?" என்றார். "பறவைன்னா எனக்கு ரொம்ப இஷ்டங்க ஐயா" என்றேன். அதுவரை காக்கைக்கும் குயிலுக்கும்கூட எனக்கு வித்தியாசம் தெரியாது.

மாப்பிள்ளைக் களை தெரியட்டும் என்று என் அத்தானுடைய கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலை போய் நின்றேன். அவர் லாந்தரை உயர்த்திப் பார்த்தார்.

"வாத்துப் பாக்க வரியா, கல்யாணத்துக்கு வரியா?"

"பனி அடிக்குதுங்க ஐயா."

"பங்குனியில."

கோட்டுப் பையைத் தட்டினார். தைரியத்துக்காக நான் வாங்கி வைத்திருந்த கமர்கட்டுப் பொட்டலம் அகப்பட்டது. தான் ஒன்று எடுத்துக்கொண்டார், எனக்கு ஒன்று கொடுத்தார், மீதியைத் திருப்பிப் பையில் போட்டார். கதவோரம் அவள் நின்றாள். காபி பிளாஸ்க் இருந்த துணிப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நானும் வாய் நிறையக் கமர்கட்டை அதக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஏரி முழுக்க வாத்து. நான் அத்தனை வாத்தைப் பார்த்ததே இல்லை. உண்மையிலேயே வாயைப் பிளந்துவிட்டேன். அவர் தூரக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பாதி ஏரி மேலே போயிற்று, பாதி கீழே வந்தது. தலை கிறுகிறுத்தது.

"எப்படி இருக்குது?"

"பிரமாதமா இருக்குதுங்க ஐயா."

"ம்" என்றார். பொய் சொன்னதற்கு முதல் புள்ளி அங்கேயே வைத்துவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

அப்புறம் அவர் பறவை காட்ட ஆரம்பித்தார். அதுபோல யாரும் காட்டிப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

"அதோ, கரையில குட்டியா வாலாட்டிக்கிட்டே நடக்குது பாரு. வாலாட்டிக் குருவி. பயந்தவன் நடை. ரெண்டு அடி வெப்பான், திரும்பிப் பாப்பான். இவன்கிட்ட பெருசா சரக்கு இருக்காது. எவனோ குடுத்தனுப்பியிருப்பான்."

"அந்தக் கறுப்பு?"

"நாமக்கோழி. உள்ளூர்க்காரன். நெத்தியில நாமம் போட்டுக்கிட்டு சாது மாதிரி இருப்பான். கடத்தமாட்டான். கடத்துறவனுக்கு எடம் குடுப்பான்."

முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் முங்கியது. அது எங்கே எழும் என்று அவர் விரலை நீட்டிக்கொண்டே இருந்தார். விரல் காட்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் எழுந்தது. "பாத்தியா? இவனத்தான் என் சர்வீசுல ஒரு தடவகூடப் புடிக்க முடியல" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஊசிவால் வாத்துகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "இதுங்கதான் பெரிய கை. ஐப்பசியில வரும்போது பாத்தேன், எலும்பும் தோலுமா வந்துச்சுங்க. இப்பப் பாரு, தொப்பையத் தூக்கமுடியாம மெதக்குதுங்க. எங்கிருந்து வந்துச்சு அவ்ளோ கனம்? நம்ம ஏரி பாசி, நம்ம ஏரி பூச்சி, நம்ம கழனி நெல்லு. எல்லாத்தையும் வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கெளம்பப் போவுது." அருகில் இருந்த நீலச்சிறகியைக் காட்டினார். ஆண் பறவை, கண்ணுக்குமேல் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருந்தது. "வந்தப்ப ஒடம்பெல்லாம் மண்ணு கலரு. போறப்ப புதுச் சட்டை. எதையோ மனசுல வெச்சிருக்கிறவன்தான் திடீர்னு புதுச் சட்டை போடுவான்."

சொல்லிவிட்டு என் கோட்டைப் பார்த்தார்.

"சொல்லிக்க ஏதாவது இருக்குதா, தம்பி?" இது எல்லையில் நின்று ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி. அதே குரலில் கேட்டார். "தானா சொன்னவன் மரியாதையாப் போவான். மறைச்சவன் சரக்க விட்டுட்டுப் போவான். அதான் எங்க சட்டம்."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இல்லீங்க ஐயா" என்று வந்தது. என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

அவர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார். துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். சர்க்கரை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் டம்ளரில் நிறையக் கொட்டிக் குச்சியால் கலக்கிக்கொண்டார். பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் அப்போதும் இப்போதும் காபிக்குச் சர்க்கரை போடாத ஆள். என் வீட்டில் அதைக் கஷாயம் என்று கிண்டல் செய்வார்கள். பதற்றத்தில் இருந்தவனுக்கு அந்தச் சூடான கசப்பு அமிர்தமாக இருந்தது. மடமடவென்று குடித்து முடித்துவிட்டு, "காபி ரொம்ப நல்லா இருக்குதுங்க ஐயா" என்று வேறு சொன்னேன். அட மடையா!

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுல காபி போட்டா சர்க்கரைய அடுப்புலியே போட்டுத்தான் எறக்குவாங்க. என் சம்சாரம் இருந்தப்பவும் அப்படித்தான், இப்ப என் பொண்ணும் அப்படித்தான். தனியாக் கட்டிக் குடுத்து நான் பாத்ததில்ல. இன்னைக்கி எதுக்குக் கட்டிக் குடுத்துச்சு?"

"தெரியலீங்களே ஐயா."

"நீ ஏன் போட்டுக்கல?"

கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் எந்தப் புண்ணியவான் என் நாக்கில் உட்கார்ந்தானோ, "தவக்காலங்க ஐயா. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு விட்டிருக்கேன்" என்றேன். ஆண்டவருடைய பாடுகளையே துணைக்கு இழுத்துவிட்டேன்.

"அப்படியா? நல்ல புள்ள" என்றார். "அப்ப வரும்போது வழியெல்லாம் கமர்கட்டு தின்னது யாரு?"

எதிரே ஏரியில் அத்தனை வாத்துகளும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அப்போது நடு ஏரியில் சலசலப்பு கேட்டது. நீலச்சிறகிக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழுந்தது. ஏரியை ஒரு சுற்று சுற்றி, எங்கள் தலைக்குமேல் விசுவிசுவென்று சத்தம் கேட்கத் தாழப் பறந்து, வடக்கே திரும்பிப் போயிற்று. துவான்காரர் எழுந்து நின்றுவிட்டார். கெப்பி இல்லாத தலைக்குக் கையை உயர்த்தி, "பஸ்ஸே!" என்று கத்தினார். கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"போன வருசம் காய்ச்சல்ல நாலு நாள் வரமுடியல. அஞ்சாம் நாள் வந்து பாக்கறேன், வெறும் தண்ணி. ஒண்ணு இல்ல. அன்னைக்கி இந்தக் கரையில ஒக்காந்து அழுதேன், தம்பி. சிரிக்காத. எங்க வேணா போகட்டும். இந்த ஊருதான் வேணும்னு நான் எத வெச்சிக் கட்டிப்போட முடியும்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகட்டும். அதுக்குத்தான் வந்து வந்து ஒக்காந்திருக்கேன்."

அவர் வாத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது என் மரமண்டைக்கும் எட்டியது. இத்தனை நாள் இவரை ஏமாற்றிவிட்டோம் என்று நானும் அவளும் சிரித்துக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது. பயம் போய்விட்டது. அவர்மேல் பிரியம்தான் வந்தது.

"சொல்லிக்க இருக்குதுங்க" என்றேன்.

"சொல்லு."

"உங்க பொண்ண எனக்குப் புடிச்சிருக்குது. அதுக்கும் என்னப் புடிச்சிருக்குது. நான் சர்க்கரை இல்லாமக் குடிக்கிறது எங்க வீட்டுல பாத்து அதுக்குத் தெரியும். காரைக்கால்காரங்க வரதுக்குள்ள உங்ககிட்ட கேக்கணும்னுதான் வந்தேன். பறவையெல்லாம் எனக்குத் தெரியாது. உங்க கண்ணாடியில ஒரு பக்கம் தலைகீழாத் தெரியுது, மாமா."

"மாமாவா? இதையும் இப்பத்தான் வெளிய எடுக்கிற" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. கொஞ்ச நேரம் வெறும் கண்ணால் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இந்த ஆசைய வெச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போற? கூட்டாளிங்ககிட்ட பெருமையடிச்சிக்கவா, சொந்த உபயோகத்துக்கா?" என்று கேட்டார்.

"சொந்த உபயோகத்துக்குத்தான் மாமா. ஆயுசுக்கும்."

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வெயில் ஏறுது, கெளம்பு" என்றார். நான் குனிந்து சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் கை வைத்தார். கொஞ்சம் அழுத்தித் தேய்த்த மாதிரி இருந்தது. தடவிக்கொடுக்கிறாரா, தள்ளிவிடுகிறாரா என்று தெரியவில்லை.

திரும்பி வந்த வழியெல்லாம் எனக்கு உயிர் இல்லை. அவர் பின்னால் வந்தார். வழியில் மாட்டு வண்டிக்காரர் ஒருவர் என்னைத் தாண்டவிட்டுச் சிரித்தார். பெரிய மார்க்கெட் பக்கம் கூடை இறக்கிக்கொண்டிருந்த மீன்காரப் பெண்கள், "அடியே, இங்க பாருடி" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பறிகொடுத்தவன் முகம் ஊருக்கே தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அவர் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அவள் வாசலுக்கு வந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். "வரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள்தான், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய. எதையும் முகத்தில் காட்டாதவள்!

"ஏன் சிரிக்கிற? என் பொழப்பு உனக்கு…"

"கோட்டக் கழட்டிப் பாருங்க" என்றாள்.

கழற்றினேன். அத்தானுடைய கறுப்புக் கோட்டின் முதுகில், இரண்டு கை அகலத்துக்குப் பெரிதாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. ஏரிக்கரையிலிருந்து ஊர் முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறேன். நடுத்தெருவில் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"அங்க இன்னா சத்தம்? குறி போட்ட சரக்க வாசல்ல நிக்கவெக்கக் கூடாது. உள்ள வரச் சொல்லு. காபியும் போடு. சர்க்கரை தனியா!"